காத்திருக்கத் தெரியாத குரல்

திருப்பூரில் 30 மேசைகள் கொண்ட ஒரு பின்னலாடை ஏற்றுமதி அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். ஃபைபர் இணைப்பு இருக்கிறது. விநாடிக்கு 20 மெகாபிட் வரை வெளியே அனுப்பலாம். மேசைக்கு மேசை இணையத் தொலைபேசி. காலையில் பேசினால் பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோலத் தெளிவாகக் கேட்கிறது. பிற்பகலில் ஐரோப்பிய அலுவலகங்கள் திறந்து வாடிக்கையாளர்கள் அழைக்க ஆரம்பித்ததும் பேச்சு துண்டு துண்டாகிறது. "ஹலோ, கேட்குதா?" என்ற கேள்வியிலேயே பாதி உரையாடல் கழிகிறது. இணைய வேகம் போதவில்லை என்று நினைத்து அதிக வேகத் திட்டத்துக்கு மாறுகிறார்கள். ஓரிரு நாள் நன்றாக இருப்பதுபோலத் தெரிகிறது. பிறகு பழைய கதைதான்.

வேகம் போதவில்லை என்ற எண்ணத்தை முதலில் கணக்கிட்டுப் பார்ப்போம். குரலை எண்களாக மாற்ற அலுவலகத் தொலைபேசிகள் பெரும்பாலும் பயன்படுத்தும் கோடெக், 1972இல் தரப்படுத்தப்பட்ட ஜி.711. அது விநாடிக்கு 8,000 முறை குரலை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டாகப் பதிகிறது. ஆக, விநாடிக்கு 64 கிலோபிட். தொலைபேசி இந்த ஓட்டத்தை 20 மில்லி விநாடிக்கு ஒருமுறை வெட்டி, 160 பைட் கொண்ட ஒரு பாக்கெட்டாக்குகிறது. வழி காட்டுவதற்கும் வரிசை எண் இடுவதற்கும் ஆர்டிபி 12 பைட், யுடிபி 8 பைட், ஐபி 20 பைட் சேர்க்கின்றன. ஈதர்நெட் தன் பங்குக்கு 18 பைட் சேர்க்கிறது. மொத்தம் 218 பைட், விநாடிக்கு 50 பாக்கெட், 87.2 கிலோபிட். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் ஒரு மெகாபிட்டைக்கூட எட்டாது. இருபது மெகாபிட் இணைப்பில் இது மிகச் சிறு பங்கு.

அப்படியானால் குரலுக்குக் குறைவது இடம் அல்ல, நேரம். மின்னஞ்சல் மூன்று விநாடி தாமதமாக வந்தால் யாரும் கவனிக்கமாட்டார்கள். குரல் பாக்கெட் கால் விநாடி தாமதமானாலே அது பயனற்றது; அதற்குரிய கணம் காதைக் கடந்து போயிருக்கும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை இதற்கு ஓர் எல்லை வகுத்திருக்கிறது. பேசுபவரின் வாயிலிருந்து கேட்பவரின் காது வரை ஒருவழித் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் பெரும்பாலான உரையாடல்கள் இயல்பாக நடக்கும். 400ஐத் தாண்டும்படி எந்த வலைப்பின்னலையும் திட்டமிடக் கூடாது. இந்த அத்தியாயத்தில் வரும் ஒவ்வோர் அமைப்பையும் இந்த 150 மில்லி விநாடிக் கணக்கில் ஒரு வரவாகவோ செலவாகவோ பார்க்கலாம்.

இரண்டு குணம் கொண்ட வலைப்பின்னல்

குரலுக்கும் கோப்புக்கும் உள்ள இந்த வேறுபாட்டை இணையத்தை உருவாக்கியவர்கள் தொடக்கத்திலேயே எதிர்கொண்டார்கள். 1970களில் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் இருந்த டேனி கோஹனும், எம்ஐடியின் லிங்கன் ஆய்வகத்தில் இருந்தவர்களும் இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் வழியே குரலை அனுப்பிப் பார்த்தார்கள். அந்த முயற்சியில் பிறந்த குரல் நெறிமுறை 1977இல் ஆவணமாக வெளிவந்தது.

அப்போது டிசிபி என்பது பிரிக்கப்படாத ஒரே நெறிமுறை. தொலைந்த பாக்கெட்டை மறுபடி கேட்டு வாங்கி, வரிசைப்படுத்தி, அதன் பிறகே அடுத்ததை ஒப்படைக்கும். கோப்புக்கு அதுதான் வேண்டும். குரலுக்கோ அது கேடு: தொலைந்த ஒரு துண்டுக்காகப் பின்னால் வந்த நல்ல துண்டுகளும் காத்து நிற்க நேரிடும். ஆகவே நம்பகத்தன்மையை வழிகாட்டலிலிருந்து பிரிக்க வேண்டும் என்று கோஹன் போன்றவர்கள் வாதாடினார்கள். 1978 அளவில் ஐபி தனியாகவும் டிசிபி தனியாகவும் பிரிந்தன. உறுதிமொழி எதுவும் தராமல் அனுப்பிவிட்டு நகரும் யுடிபி 1980இல் வரையறுக்கப்பட்டது. இன்றும் நம் குரல் யுடிபி மேல்தான் போகிறது. 'தாமதமாக வருவதைவிட வராமலே போகலாம்' என்ற முடிவு இணையத்தின் அடித்தளத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது.

ஆனால் அந்தப் பிரிவு குரலைக் காத்திருக்க வைக்காமல் அனுப்பும் வழியை மட்டுமே தந்தது. குரலின் அவசரத்தை மதிப்பதா இல்லையா என்பதை வழியில் உள்ள ஒவ்வொரு பெட்டியும் தானாக அறியாது. அறிவிப்பது அமைப்பவரின் வேலை.

தொலைபேசி விழிக்கும் அரை நிமிடம்

புதிய தொலைபேசியில் நெட்வொர்க் கேபிளைச் செருகியதும் என்ன நடக்கிறது என்று ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

முதலில் மின்சாரம். நெட்வொர்க் கேபிள் வழியே மின்சாரமும் தரும் பிஓஇ வசதியுள்ள சுவிட்ச் எடுத்த எடுப்பில் முழு மின்னழுத்தத்தைச் செலுத்துவதில்லை. சிறிய அழுத்தம் கொடுத்து, மறுமுனையில் சுமார் 25 கிலோ ஓம் தடை இருக்கிறதா என்று அளக்கிறது. இருந்தால்தான் அது மின்சாரம் கேட்கும் கருவி என்று முடிவெடுத்து 48 வோல்ட் அளவுக்கு உயர்த்துகிறது. 2003இல் வந்த 802.3ஏஎஃப் தரத்தின்படி ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் வரை தரலாம். 24 போர்ட்டும் முழு அளவு எடுத்தால் ஏறக்குறைய 370 வாட் வேண்டும். விலை குறைந்த சுவிட்சுகளின் மொத்த மின்வரம்பு இதைவிடக் குறைவாகவே இருக்கும். வாங்கும்போது போர்ட் எண்ணிக்கையோடு மொத்த வாட்டையும் பார்க்க வேண்டும். பழைய தரைவழித் தொலைபேசிக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வந்ததால், கரண்ட் போனாலும் அது வேலை செய்தது. இணையத் தொலைபேசிக்கு அந்தப் பாதுகாப்பை நாமேதான் தர வேண்டும்: பிஓஇ சுவிட்ச், ரவுட்டர், ஃபைபர் பெட்டி மூன்றும் யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். ஒன்று விடுபட்டாலும் மற்ற இரண்டு உயிரோடிருந்து பயனில்லை.

அடுத்து, சுவிட்ச் தொலைபேசிக்கு அதன் விலேன் எண்ணை, அதாவது ஒரே கம்பிகளில் தனித்து இயங்கும் எந்த மெய்நிகர் வலைப்பின்னலில் அது சேர வேண்டும் என்பதை, சொல்கிறது. பெரும்பாலான மேசைத் தொலைபேசிகளுக்குப் பின்னால் இரண்டு போர்ட் இருக்கும். ஒன்று சுவரை நோக்கிப் போகிறது, மற்றொன்றில் கணினி இணைகிறது. ஒரே கம்பியில் கணினியின் தரவும் குரலும் போக வேண்டியிருப்பதால், குரல் பாக்கெட்டுகளுக்கு மட்டும் 4 பைட் அடையாளம் ஒட்டப்படுகிறது. அதில் 12 பிட் விலேன் எண். 3 பிட் முன்னுரிமை, 0 முதல் 7 வரை. குரலுக்கு வழக்கமாக 5. எல்எல்டிபி-மெட் என்ற நெறிமுறையை சுவிட்சில் இயக்கி வைத்தால், தொலைபேசியை எந்த மேசைக்கு மாற்றினாலும் அதுவே சரியான விலேனைத் தெரிந்துகொள்ளும். இல்லையென்றால் ஒவ்வொரு கருவியிலும் கையால் எண்ணைப் பதிய வேண்டும். முப்பதில் ஒன்றிரண்டில் தவறு வருவது இயல்பு.

இந்தப் பிரிவினையால் அலுவலகத்துக்குள்ளேயே ஒழுங்கு வருகிறது. ஒரு கணினியில் வைரஸ் புகுந்து வலைப்பின்னல் முழுவதும் கூச்சல் போட்டாலும் அந்தக் கூச்சல் குரல் விலேனுக்குள் நேரடியாக நுழையாது. முன்னுரிமை விதிகளையும் ஒவ்வொரு கருவியாகத் தேடாமல் ஒரே இடத்தில் எழுதிவிடலாம்.

விலேனில் நுழைந்ததும் டிஹெச்சிபி வேலையைத் தொடங்குகிறது. ஐபி முகவரி, கேட்வே, டிஎன்எஸ் ஆகியவற்றோடு தொலைபேசிக்கு மட்டும் தேவையான இரண்டு தகவல்களையும் அது தரலாம். விருப்பம் 66, அமைப்புக் கோப்பு எந்தச் சர்வரில் இருக்கிறது என்கிறது. விருப்பம் 42, நேரம் சொல்லும் சர்வரைக் காட்டுகிறது. இரண்டாவதைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். பல மாடல்களில் மின்சாரம் போனால் ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரம் கிடையாது. இயக்கும்போது ஏதோ ஒரு பழைய தேதியிலிருந்து எண்ணத் தொடங்கும். அந்தத் தேதியை வைத்துக்கொண்டு சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழைச் சரிபார்த்தால், 'இந்தச் சான்றிதழ் இன்னும் அமலுக்கு வரவில்லை' என்று தொலைபேசி மறுத்துவிடும். திரையில் பதிவு தோல்வி என்று மட்டும் காட்டும். கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பார்கள். கோளாறு கடிகாரத்தில் இருக்கும்.

கடைசியாகப் பதிவு. அழைப்புகளை ஏற்படுத்தும் சிப் நெறிமுறை மூலம் தொலைபேசி தன் எண்ணையும் இருப்பிடத்தையும் சர்வரிடம் தெரிவிக்கிறது. முதல் விண்ணப்பத்தைச் சர்வர் 401 என்ற பதிலோடு திருப்பி அனுப்பி ஒரு புதிர் எண் கொடுக்கிறது. தொலைபேசி தன் கடவுச்சொல்லை அந்த எண்ணோடு சேர்த்துக் கணக்கிட்டு விடையை அனுப்புகிறது. கடவுச்சொல் கம்பியில் போவதே இல்லை. விடை சரியென்றால் 200 என்ற பதில் வருகிறது. பச்சை விளக்கு எரிகிறது.

20 மெகாபிட்டின் குறுகிய வாசல்

இனி பிற்பகல் சிக்கலுக்கு வருவோம். அந்த நேரத்தில் மெர்ச்சண்டைசர் ஒருவர் 300 மெகாபைட் அளவுள்ள டிசைன் படங்களை வெளிநாட்டுக்கு அனுப்புகிறார். 20 மெகாபிட் வேகத்தில் அது இரண்டு நிமிட வேலை. அந்த இரண்டு நிமிடமும் டிசிபி என்ன செய்கிறது என்பதில்தான் விடை இருக்கிறது. பாக்கெட் எதுவும் தொலையாத வரை அது வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும், தொலைந்தால்தான் குறைக்கும். ஃபைபர் மோடமோ பாக்கெட்டைத் தொலைக்க மனமின்றி, வருவதையெல்லாம் தன் நினைவகத்தில் அடுக்குகிறது. ஒரு மெகாபைட் அடுக்கு சேர்ந்துவிட்டால், அதை 20 மெகாபிட் வேகத்தில் வெளியேற்ற 400 மில்லி விநாடி ஆகும். அந்தக் கணத்தில் வரும் குரல் பாக்கெட் அடுக்கின் வால்முனையில் நிற்கிறது. உலகத்தின் மறுகோடிக்குப் போவதற்கான நேரத்தைவிட அதிக நேரத்தை அது அலுவலக வாசலிலேயே செலவிடுகிறது.

அமெரிக்கப் பொறியாளர் ஜிம் கெட்டிஸ் 2010-2011இல் இந்த நிலைக்கு 'பஃபர்புளோட்' என்று பெயர் வைத்து, உலகெங்கும் உள்ள வீட்டு, அலுவலகக் கருவிகளில் இது பரவியிருப்பதை எடுத்துக்காட்டினார். 2012இல் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் 'கோடெல்' என்ற தீர்வை முன்வைத்தார்கள். அடுக்கின் நீளத்தை அளக்காமல், ஒரு பாக்கெட் எவ்வளவு நேரம் அதில் நின்றது என்பதை அளந்து, நீண்ட நேரம் நிற்பவை தொடர்ந்தால் வேண்டுமென்றே ஒன்றிரண்டைக் கைவிடுவது அதன் வழி. கைவிட்டதைக் கண்டு டிசிபி உடனே வேகத்தைக் குறைக்கும். இதன் மேம்பட்ட வடிவம் இன்று பல ரவுட்டர்களில் ஒரு பட்டனாகவே கிடைக்கிறது.

ஆனால் பட்டனை அழுத்தினால் மட்டும் போதாது. அடுக்கு சேருவது நம் ரவுட்டரில் அல்ல, அதற்கு அப்பால் உள்ள மோடத்தில். நமக்கு அதிகாரம் இல்லாத இடத்தில் சேரும் வரிசையை நாம் ஒழுங்குபடுத்த முடியாது. ஆகவே ரவுட்டரின் வெளியனுப்பு வேகத்தை இணைப்பின் உண்மையான வேகத்தைவிடச் சற்றுக் குறைத்து வைக்க வேண்டும். 20 மெகாபிட் என்றால் 18. மோடத்துக்கு எப்போதும் தாங்கும் அளவே போகும். வரிசை ரவுட்டருக்குள் சேரும். அங்கே யார் முன்னால் போவது என்று நாம் சொல்லலாம். இரண்டு மெகாபிட்டை விட்டுக்கொடுத்து நூற்றுக்கணக்கான மில்லி விநாடிகளைத் திரும்பப் பெறுகிறோம். அலுவலகக் குரல் தரத்துக்கு இதைவிட அதிகப் பயன் தரும் மாற்றத்தை நான் அறியேன்.

யார் முன்னால் என்பதைச் சொல்ல ஒவ்வொரு ஐபி பாக்கெட்டின் தலைப்பிலும் 6 பிட் இடம் இருக்கிறது. குரலுக்கு அங்கே 46 என்று எழுதுவது மரபு. 'விரைவு அனுப்பல்' என்ற இந்த வகைக்கு 2002இல் திருத்திய வரையறை வந்தது. இங்கே ஒரு பொறி உண்டு. சில தொலைபேசிகளின் மெனு 6 பிட் எண்ணைக் கேட்கும். அதில் 46 எழுத வேண்டும். வேறு சில, முழு 8 பிட் எண்ணைக் கேட்கும். அங்கே அதே பொருளுக்கு 184 எழுத வேண்டும். மாற்றி எழுதினால் குரல் முன்னுரிமை இல்லாத கூட்டத்தில் கலந்துவிடும், எந்தப் பிழைச் செய்தியும் வராது.

இந்த அடையாளத்தை இணையச் சேவையாளர் தம் எல்லைக்குள் மதிப்பார் என்று நம்ப முடியாது. பொது இணையத்தில் பெரும்பாலும் அழித்தே விடுவார்கள். அதனால் மனம் தளர வேண்டியதில்லை. பாதையிலேயே மிகக் குறுகிய இடம் பெரும்பாலும் அலுவலகத்தின் வாசல்தான். அங்கே ஒழுங்கு வந்தால் பெரும்பகுதி வேலை முடிந்தது.

ஒருபக்கம் மட்டும் கேட்கும் பேச்சு

மணி அடிக்கிறது, எடுக்கிறோம். நாம் பேசுவது அவர்களுக்குக் கேட்கிறது, அவர்கள் பேசுவது நமக்குக் கேட்கவில்லை. இணையத் தொலைபேசியில் மிக அதிகமாகத் தலைவலி தரும் கோளாறு இது. காரணம் முகவரி.

அலுவலகத் தொலைபேசிக்கு 192.168.10.45 போன்ற உள்முகவரிதான் இருக்கும். உலகம் முழுவதும் எண்ணற்ற அலுவலகங்களில் இதே எண் இருக்கக்கூடும். வெளியே போகும்போது ரவுட்டர் அதைத் தன் பொது முகவரியாக மாற்றி எழுதுகிறது. ஆனால் சிப் செய்திக்குள்ளேயே, 'குரலை இந்த முகவரிக்கு, இந்தப் போர்ட்டுக்கு அனுப்புங்கள்' என்று தொலைபேசி எழுதியிருக்கும். தபால் உறையின் மேல் உள்ள முகவரியை ரவுட்டர் மாற்றிவிடுகிறது. உள்ளே கடிதத்தில் எழுதியிருக்கும் முகவரி அப்படியே இருக்கிறது. எதிர்முனை கடிதத்தைப் படித்து 192.168.10.45க்குக் குரலை அனுப்ப முயல்கிறது. பொது இணையத்தில் அப்படி ஒரு முகவரிக்கு வழியே இல்லை.

இதே காரணத்தால் இன்னொரு வினோதமும் நடக்கும். அழைப்பு சரியாக 32 விநாடியில் அறுந்துவிடும். அழைப்பை ஏற்றதும் பெறும் முனை 200 என்ற பதில் அனுப்பி, அதற்கு ஒப்புகைக்காகக் காத்திருக்கிறது. அடிப்படைக் கால அளவு அரை விநாடி. அதன் 64 மடங்கு வரை பொறுக்கலாம் என்பது சிப்பின் விதி. அரை விநாடியின் 64 மடங்கு 32 விநாடி. உள்முகவரிக்கு அனுப்பப்பட்ட ஒப்புகை வந்து சேராததால், பொறுமை தீர்ந்து இணைப்பைத் துண்டிக்கிறது. "அரை நிமிஷத்துல கட் ஆகுது" என்று யாராவது சொன்னால், வேறு எதையும் தொடும் முன் முகவரி அமைப்பைப் பாருங்கள்.

மூன்றாவது அடையாளம்: நாம் வெளியே அழைக்கலாம், ஆனால் சில நிமிடங்கள் சும்மா இருந்த பிறகு உள்ளே வரும் அழைப்பு அடிக்காது. யுடிபிக்காகத் திறந்த வழியைப் பல ரவுட்டர்கள் அரை நிமிடம் அமைதியாக இருந்தாலே மூடிவிடும். தொலைபேசியோ ஒரு மணிநேரத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்தால் போதும் என்று இருக்கிறது. 20 அல்லது 25 விநாடிக்கு ஒருமுறை ஒரு சிறு பாக்கெட்டை அனுப்பும் 'கீப்அலைவ்' அமைப்பு இதைத் தீர்க்கும்.

தீர்வுகளை வரிசையாகச் சொல்கிறேன். ரவுட்டரில் 'சிப் ஏஎல்ஜி' என்று ஒரு வசதி இருக்கும். கடிதத்தின் உள்ளே உள்ள முகவரியையும் திருத்தி உதவுவதே அதன் நோக்கம். அரைகுறையாகத் திருத்திக் குழப்புவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. முதலில் அதை நிறுத்துங்கள். 1999இல் மார்க் ஸ்பென்சர் தொடங்கிய ஆஸ்டரிஸ்க் போன்ற சர்வரை அலுவலகத்தில் வைத்திருந்தால், அதனிடம் வெளிமுகவரி எது, உள்வலை எது என்று தெளிவாகச் சொல்லுங்கள். அது வழக்கமாகக் குரலுக்குப் பயன்படுத்தும் யுடிபி போர்ட்டுகள் 10000 முதல் 20000 வரை; ஃபயர்வாலிலும் சர்வரிலும் இந்த எல்லை ஒன்றாக இருக்க வேண்டும். சர்வர் வெளியே இருந்தால், 'எழுதியிருக்கும் முகவரியைப் பார்க்காதே, குரல் எங்கிருந்து வந்ததோ அங்கேயே திருப்பி அனுப்பு' என்ற சமச்சீர் ஆர்டிபி அமைப்பை அதில் இயக்கச் சொல்லுங்கள்.

ரவுட்டரின் வெளிமுகவரியையும் ஒருமுறை பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், சேவையாளரே இன்னொரு முகவரி மாற்றத்தைச் செய்கிறார் என்று பொருள். அந்த நிலையில் நம் ரவுட்டரில் போர்ட் திறந்து பயனில்லை. நிலையான பொது முகவரி கேட்டு வாங்க வேண்டும், அல்லது வெளியில் உள்ள சர்வருக்கு மாற வேண்டும்.

போர்ட் திறப்பதில் ஓர் எச்சரிக்கை. சிப்பின் 5060 போர்ட்டை உலகம் முழுவதற்கும் திறந்து வைத்தால், தானியங்கி நிரல்கள் விரைவிலேயே கண்டுபிடித்து 100, 101, 102 என்று எண்களையும் எளிய கடவுச்சொற்களையும் முயன்று பார்க்கும். ஒன்று கிடைத்துவிட்டால், அலுவலகம் பூட்டியிருக்கும் இரவில் வெளிநாட்டுக் கட்டண எண்களுக்கு அழைப்புகள் போய்க்கொண்டிருக்கும். சேவையாளரின் முகவரிக்கு மட்டும் போர்ட்டைத் திறப்பதும், நீண்ட கடவுச்சொல்லும், தேவையில்லாத வெளிநாட்டு அழைப்புகளைத் தடுப்பதும் குறைந்தபட்சக் காப்பு.

150 மில்லி விநாடியின் வரவுசெலவு

இப்போது திருப்பூரிலிருந்து ஐரோப்பாவுக்கு ஓர் அழைப்பின் கணக்கைப் போடலாம். பாக்கெட் நிறையும் வரை 20 மில்லி விநாடி. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. 10,000 கிலோமீட்டர் கேபிள் என்றால் 50 மில்லி விநாடி. இதைக் குறைக்க எவராலும் முடியாது. மறுமுனையில் ஜிட்டர் பஃபர் இருக்கிறது. பாக்கெட்டுகள் சில முந்தியும் சில பிந்தியும் வருவதால், கொஞ்சம் சேர்த்து வைத்து ஒரே சீராக ஒலிக்கச் செய்யும் இடம் அது. அதற்கு 40 என்று வைத்தால் மொத்தம் 110. வழியில் உள்ள ரவுட்டர்களுக்கு ஒரு 20. மீதம் 20 மில்லி விநாடிதான். அலுவலக வாசலில் 400 மில்லி விநாடி நிற்க இந்தக் கணக்கில் எங்கே இடம்?

ஜிட்டர் பஃபரை 200க்கு உயர்த்தினால் உடைசல் மறையும். ஆனால் பேச்சின் ஓட்டம் கெடும், இருவரும் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிடுவார்கள். நோயைத் தீர்க்காமல் வலியை இடம் மாற்றும் வேலை அது. வாசலில் ஒழுங்கு வந்தால் பஃபர் தானாகவே சிறியதாகிவிடும்.

சேவையாளரின் சர்வர் எங்கே இருக்கிறது என்பதும் இந்தக் கணக்கில் வரும். திருப்பூரிலிருந்து சென்னைக்குப் பேசும் குரல் அமெரிக்காவில் உள்ள சர்வரைச் சுற்றி வருமானால், ஒளி பயணிக்கும் நேரமே 150ஐத் தாண்டிவிடக்கூடும். இந்தியாவில் சர்வர் வைத்திருப்பவரா என்று ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்க வேண்டும்.

எல்லாம் அமைத்த பிறகு சோதனையை அமைதியான காலையில் செய்யாதீர்கள். ஒரு பெரிய கோப்பை வெளியே அனுப்ப விட்டு, அதே நேரத்தில் வெளியே ஓர் அழைப்பைப் போட்டுப் பேசுங்கள். தொலைபேசியின் புள்ளிவிவரப் பக்கத்தில் ஜிட்டரும் பாக்கெட் இழப்பும் தெரியும். கோப்பு போகும்போதும் போகாதபோதும் அவை ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் வேலை சரியாக முடிந்திருக்கிறது. கோப்பு போகும்போது ஜிட்டர் தாவிக் குதித்தால் 18ஐ 17ஆக்கிப் பாருங்கள்.

அந்த எண்ணை எழுதி வைப்பது அவசியம். விலேன் எண், 46, போர்ட் எல்லை, கீப்அலைவ் இடைவெளி, வெளியனுப்பு வேகம் எல்லாம் ஒரு தாளில் ரவுட்டர் அருகிலேயே இருக்கட்டும். நாளை இணைப்பின் வேகம் 100 மெகாபிட் ஆனால், 18 என்ற பழைய வரம்பு அலுவலகத்தையே முடக்கும். முதன்மை இணைப்பு அறுந்து 10 மெகாபிட் மாற்று இணைப்புக்குத் தாவினால், அதே 18 எந்தக் காவலும் தராது. வரிசை மறுபடி மோடத்துக்குள் போய்விடும், குரல் மறுபடி உடையும். ஒவ்வோர் இணைப்புக்கும் தனித்தனி வரம்பு எழுத வேண்டும். இணைப்பை மாற்றுகிறவர் அன்றே இந்த எண்ணையும் மாற்ற வேண்டும். இவ்வளவு கவனம் ஏன் என்றால், குரல் உடையும்போது பழி ரவுட்டர்மேல் விழுவதில்லை. தெளிவாகப் பேசவில்லை என்ற பெயர் தொலைபேசியில் பேசும் ஊழியருக்குத்தான் வருகிறது. அவர் சரியாகத்தான் பேசியிருக்கிறார். அந்தப் பேச்சை உரிய நேரத்தில் கொண்டுசேர்ப்பது வலைப்பின்னலை அமைத்தவரின் கடமை.